தொப்பி இழந்த மினார்: டெல்லி, ஆக்ரா நாட்குறிப்பு

செவ்வாய், ரயிலில்

நாக்பூர் தாண்டிவிட்டது. எதிர் பெர்த்தில் இருக்கும் திண்டுக்கல்காரர், வீட்டில் கட்டிக்கொடுத்த புளியோதரையின் கடைசிப் பொட்டலத்தை மதியம் பிரித்தார். எனக்கும் ஒரு கை வந்தது. அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. அதனால் நாளை தொடங்க நினைத்த குறிப்பை இன்றே தொடங்குகிறேன்.

நான் மதுரைக்காரன். டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவன். பிறந்து வளர்ந்தது மஹால் பக்கத்துத் தெருவில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய காலண்டரில் திருமலை நாயக்கர் மஹாலின் படத்தைப் பார்த்தேன். இடிந்து கிடந்தது. தினமும் சைக்கிளில் கடந்துபோகிற கட்டடம் இது இல்லையே என்று தோன்றியது. விசாரித்தால், தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் 1792இல் மதுரைக்கு வந்து பார்த்து வரைந்தது அது. 1798இல் லண்டனில் அச்சானது. நாயக்கர் 1636 வாக்கில் கட்டியதை அவருடைய பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பார்கள். மிஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்தார். ஆக நான் நாயக்கர் கட்டியது என்று அண்ணாந்து பார்த்ததில் பாதி நேப்பியர் ஒட்டவைத்தது. படத்தில் இருந்ததுதான் பழசு.

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், அந்த இடத்தைப் பழைய வாட்டர் கலரில் யார் வரைந்திருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போவது பழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை பையில் இருபது கலர் பிரிண்ட். பாதி டேனியல்கள், பாதி சீதாராம்.

சீதாராம் வங்காளத்து ஓவியர். 1814இல் கவர்னர் ஜெனரல் மொய்ரா பிரபு கல்கத்தாவிலிருந்து வடக்கே பஞ்சாப் எல்லை வரை ஒரு சுற்றுப்பயணம் போனார். பின்னாளில் ஹேஸ்டிங்ஸ் பிரபு ஆனவர் இவர்தான். பள்ளிப் பாடத்தில் வரும் வாரன் ஹேஸ்டிங்ஸ் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம். கங்கையில் சுமார் 220 படகுகள், பதினேழு மாதப் பயணம். கண்ணில் பட்டதையெல்லாம் வரையக் கூட வந்தவர் சீதாராம். சுமார் 230 படங்கள், பத்து ஆல்பங்கள். அவை 1995இல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது.

ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சுத் தோப்புகள். கண் கட்டுகிறது. மிச்சம் நாளைக்கு.

புதன், மெஹ்ரௌலி

நிஜாமுதீன் ஸ்டேஷனில் அக்கா மகன் கார்த்தி வந்து நின்றான். நொய்டாவில் வேலை. குளித்து, அவன் போட்ட உப்புமாவைச் சாப்பிட்டு, மெட்ரோ பிடித்துக் குதுப் மினார் போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. பிப்ரவரி வெயில் நம் ஊர் மார்கழிக் காலை மாதிரி இதமாக இருந்தது.

போகும் வழியில் டேனியல்களைப் பற்றிச் சொன்னேன். 1786இல் கல்கத்தாவுக்கு வந்தபோது வில்லியத்துக்குப் பதினாறு பதினேழு வயது. தாமஸ் அவனுடைய அங்கிள்.

"எந்த அங்கிள் மாமா? மாமாவா, சித்தப்பாவா?"

அப்பா கூடப் பிறந்தவர், ஆகவே நம்மைப் போல மாமன் மருமகன் இல்லை என்றேன். பெரியப்பாவா சித்தப்பாவா என்பதை இங்கிலீஷில் எழுதிவைக்க வழி கிடையாது. பெரியவர் வரைவார், பையன் எடுபிடி வேலை பார்ப்பான், கருவியைத் தூக்குவான், டைரி எழுதுவான். கேமரா அப்ஸ்குரா என்ற பெட்டியை வைத்து, கண்ணாடி வழியாக விழும் உருவத்தின் மேலேயே கோடு இழுத்துக்கொள்வார்கள். அதனால்தான் டேனியல் படத்தில் தூணின் அளவு பிசகாது.

"அப்போ இந்த டிரிப்ல நான்தான் பெட்டி தூக்கணுமா?" என்று என் பையை வாங்கிக்கொண்டான். வாங்கியவன் சாயந்திரம் வரை தரவில்லை. நல்ல பையன்.

குதுப் மினாரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அதன் உச்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 72 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அந்த ஐந்தாவது மாடி மொட்டையாக முடிகிறது. டேனியல்கள் 1789இல் வந்தார்கள். 1803இல் ஒரு பூகம்பம் வந்து உச்சியில் இருந்த மண்டபத்தை உதிர்த்தது. சீதாராம் காலத்தில், அதாவது 1815இல், மினாருக்குத் தலை இல்லை. 1828இல் ராபர்ட் ஸ்மித் என்ற ராணுவ எஞ்சினியர் மினாரைச் செப்பனிட்டு, உச்சியில் தன் சொந்தக் கற்பனையில் ஒரு மண்டபத்தைத் தூக்கி வைத்தார். ஸ்மித்தும் ஓவியர்தான், நன்றாகவே வரைவார். ஆனால் தாளில் நன்றாக வரும் எல்லாம் கல்லில் வருமா? பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். 1848இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் உத்தரவில் அதை இறக்கிவைத்தார்கள். ஆக இந்த அறுபது வருடத்துக்குள் வரைந்த மினார் படம் ஒன்றை என்னிடம் கொடுத்தால், தேதி எழுதியிருக்க வேண்டியதில்லை. உச்சியைப் பார்த்தால் போதும்.

சரி, பூகம்பத்தில் விழுந்ததாவது ஒரிஜினலா என்றால் அதுவும் இல்லை. 1368இல் இடி விழுந்து மேல்மாடி சிதைந்து, பிரோஸ் ஷா துக்ளக் சலவைக்கல் வைத்துக் கட்டியதுதான் இன்று மேலே வெள்ளையாகத் தெரியும் பகுதி.

இறக்கிய ஸ்மித் மண்டபம் புல்வெளியில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எட்டுத் தூண், சிவப்புக் கல். தனியாகப் பார்த்தால் அழகாகவே இருக்கிறது. அது எங்கிருந்து இறங்கியது என்று தெரியாமல் ஒரு புதுமணத் தம்பதி அதன் முன் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து நடந்தே மெஹ்ரௌலி தொல்லியல் பூங்காவுக்குள் போனோம். கருவேலமும் புதரும் மண்டிய காட்டுக்குள் அங்கங்கே கல்லறைகள், படிக்கிணறுகள், பெயர் தெரியாத சுவர்கள். கூட்டம் இல்லை. நாய்கள் உண்டு. இங்கேதான் டெல்லியின் பிரிட்டிஷ் ஏஜென்டாக இருந்த தாமஸ் மெட்காஃப் ஒரு காரியம் செய்தார். முகமது குலி கான் என்பவரின் 17ஆம் நூற்றாண்டுக் கல்லறையை வாங்கி, அதைச் சுற்றி அறைகள் கட்டி, கோடை வீடாக மாற்றிக்கொண்டார். பெயர் தில்குஷா. கல்லறை இருந்த நடுக்கூடம் சாப்பாட்டு அறை.

அதோடு விட்டாரா? ஜன்னலில் இருந்து பார்த்தால் காட்சி நிறைவாக இருக்க வேண்டும் என்று சுற்றிலும் புதிதாக மண்டபங்களும் படிப்படியாக உயரும் ஒரு கல்குவியலும் கட்டினார். உபயோகம் எதுவும் கிடையாது. பார்க்கப் பழசாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பாழடைந்த கட்டடம், அதன் மேல் கொடி, ஓரத்தில் வளைந்த மரம் என்றால்தான் அழகு என்ற ரசனை அப்போது இங்கிலாந்தில் ஓடிக்கொண்டிருந்தது, பிக்சரெஸ்க் என்பார்கள். காசு கொடுத்துப் பாழைக் கட்டியிருக்கிறார்கள்! சுற்றிலும் இத்தனை நிஜமான பாழ் கிடக்கும்போது.

மேடையில் ஏறி உள்ளே போனேன். கூரையின் உள்பக்கம் சுதை வேலை. அழியாத இடத்தில் சிவப்பும் நீலமும் இன்னும் நிற்கின்றன. வெளியே மெட்காஃப் கட்டிய அறைகளில் பெரும்பாலும் அடிச்சுவர்தான் மிச்சம். கல்லறை நிற்கிறது, பங்களா விழுந்துவிட்டது. கார்த்தி மதில் விளிம்பில் உட்கார்ந்து கடலை தின்றான். அவன் தலைக்கு மேலே, மரங்களுக்கு அப்பால், குதுப் மினார். மெட்காஃப் அந்த இடத்தை ஏன் பிடித்தார் என்று புரிந்தது. மனுஷனுக்குக் கண் இருந்திருக்கிறது. அதை மறுக்க முடியவில்லை.

வியாழன், செங்கோட்டை

இன்று சுருக்கமாக. சளி பிடித்துவிட்டது.

மெட்காஃப் 1844இல் தன் மகள்களுக்காக ஓர் ஆல்பம் தொகுத்தார். டெல்லியின் கோட்டைகள், மசூதிகள், கல்லறைகள் என்று நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்தில் குறிப்புகள். வரைந்தவர் மஸ்ஹர் அலி கான், டெல்லி ஓவியர். சீதாராமுக்கு நேர் எதிர். சீதாராம் ஈரத் தாளில் வண்ணத்தை ஓடவிடுகிறவர். இவர் ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணி வைக்கிறவர். வகுப்பில் இரண்டு ரகப் பையன்களையும் பார்த்திருக்கிறேன். முதல் ரகத்துக்குத்தான் மார்க் அள்ளிப் போடுவேன். இன்று கொஞ்சம் வருத்தப்பட்டேன்.

ஏனென்றால் இதே மஸ்ஹர் அலி கான் 1846இல் செங்கோட்டையின் லாகூர் வாசல் மேல் ஏறி நின்று, சுற்றிச் சுழன்று தெரிந்த முழு டெல்லியையும் வரைந்தார். ஒரே படம், கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நீளம். ஒரு பக்கம் சாந்தினி சௌக்கும் ஜாமா மசூதியும், மறு பக்கம் கோட்டைக்குள் அரண்மனையின் முற்றங்கள், தோட்டங்கள், மாடங்கள். பாழ் என்று எதுவும் இல்லை. எல்லாம் ஆள் புழங்கும் இடங்கள். பதினோரு வருடத்தில் 1857 வந்தது. கலகம் அடங்கிய பிறகு கோட்டைக்குள் பெரும்பகுதியை இடித்துத் தள்ளி ராணுவ பாரக்குகள் கட்டினார்கள். இடிபட்டது எங்கே என்ன இருந்தது என்று கேட்டால், பதில் சொல்ல அவர் எண்ணி வைத்த செங்கற்கள் இருக்கின்றன.

நௌபத் கானா என்ற மேள மண்டப வாசலைத் தாண்டியதும் கண் முன்னே விரியும் புல்வெளி அழகு என்றுதான் பத்து வருடத்துக்கு முன் வந்தபோது நினைத்தேன். இன்று போனில் அந்தப் படத்தை நீளமாக நகர்த்தி நகர்த்தி அதே புல்லைப் பார்த்தேன். கடந்துபோன ஒரு பாட்டி என்ன தேடுகிறேன் என்று இந்தியில் கேட்டார். எதுவும் தொலையவில்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அப்படிச் சொன்னது சரியா என்று தெரியவில்லை.

நாளை அதிகாலை ஆக்ரா. மிளகு ரசம் வைத்துத் தருகிறேன் என்று கார்த்தி சொல்லியிருக்கிறான். மிளகு எங்கே என்று இப்போது என்னிடம் வந்து கேட்கிறான்.

வெள்ளி, சிக்கந்தரா, மெஹ்தாப் பாக்

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். தாஜ் மஹால் வெள்ளிக்கிழமை விடுமுறை. இது எனக்குத் தெரியும். தெரிந்தே, திட்டம் போட்ட அன்று காலண்டரில் போன மாதப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இன்றைக்குத் தாஜ் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆக்ரா கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் ஆட்டோக்காரர்தான் சொன்னார். கார்த்தி ஒன்றும் சொல்லவில்லை. அக்காவிடம் சொல்லுவான்.

திட்டத்தைத் திருப்பிப் போட்டு, காலையில் சிக்கந்தரா போனோம். அக்பரின் கல்லறை. ஜஹாங்கீர் காலத்தில் 1613இல் முடிந்தது. கல்லறையை விட அதன் தெற்கு வாசல்தான் என்னை இழுத்தது: சிவப்புக் கல்லில் வெள்ளையும் கறுப்பும் மஞ்சளும் பதித்த பெரிய பூக்கோலம், மேலே நான்கு மூலையிலும் நான்கு வெள்ளைச் சலவைக்கல் மினார்கள். வாசலைச் சுற்றி ஓடும் எழுத்து வேலையைச் செய்தவர்தான் பிற்பாடு தாஜில் எழுதினார். அமானத் கான் என்று பட்டம் பெற்றவர்.

இப்போது டேனியல்களின் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். 1789 பயணத்தில் வரைந்து, 1795இல் அச்சிட்டது. அதே வாசல், அதே பூக்கோலம். ஆனால் நான்கு மினார்களும் மேலே முறிந்து நிற்கின்றன. கரும்பைக் கடித்துத் துப்பிய மாதிரி. முகலாயர் ஆட்சி தளர்ந்த காலத்துச் சூறையாடல்களில் சிக்கிய இடம் இது. 1680களில் ஜாட்டுகள் என்ற அந்தப் பகுதி விவசாயச் சமூகத்தார் கல்லறையைத் தோண்டி அக்பரின் எலும்பையே எரித்தார்கள் என்று மனூச்சி எழுதினார். வெனிஸ்காரர்; அந்தச் சமயத்தில் நம் சென்னைப் பட்டணத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டு குடியிருந்தவர். பரங்கிமலைப் பக்கம் இருந்துகொண்டு சிக்கந்தரா கதையை எழுதியிருக்கிறார். எவ்வளவு நம்பலாம் என்பது உங்கள் இஷ்டம்.

நான்கு மினார்களும் இன்று முழுசாக நிற்கின்றன. வைஸ்ராய் கர்சன் பிரபு காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் முதல் சில வருடங்களில் சரிசெய்தது. எங்கே பழையது முடிந்து புதியது தொடங்குகிறது என்று கீழிருந்து கால் மணி நேரம் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. கழுத்து வலித்தது. வேலை அவ்வளவு சுத்தம் என்று பாராட்ட வேண்டும், ஆனால் எனக்கு அந்த முறிந்த மினார்கள்தான் பிடித்திருக்கின்றன. இந்தியாவின் இருநூறு வருட அரசியல் அந்த முறிவில் இருக்கிறது. ஒட்டியதும் அது போய்விட்டது. இதைக் கார்த்தியிடம் சொன்னேன்.

"அப்போ விழுற வரைக்கும் விட்டுடணுமா மாமா?"

இல்லைதான். விட்டிருந்தால் இன்று பார்க்க வந்திருக்க மாட்டோம். உள்ளே தோட்டத்தில் கருப்பு மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் மானைப் பார்த்தோம்.

சாயந்திரம் யமுனைக்கு மறுகரையில் மெஹ்தாப் பாக் என்ற தோட்டம். இங்கிருந்து தாஜைப் பார்க்க வெள்ளிக்கிழமை தடை இல்லை. டேனியல்கள் தாஜைத் தோட்டத்துக்குள்ளிருந்து ஒன்று, ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று என்று இரண்டு படம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்று ஸ்கெட்ச் புக்கோடு உட்கார்ந்தேன்.

பையைத் திறந்தால் ஈரம். தண்ணீர் பாட்டில் மூடி சரியாகப் போடவில்லை. போட்டது யார் என்று நாங்கள் இருவரும் விவாதிக்கவில்லை. மதுரையில் எடுத்த பிரிண்ட்களில் டேனியல்கள் லேசர் பிரிண்ட். ஓரம் நெளிந்ததோடு தப்பித்தார்கள். சீதாராம் இங்க்ஜெட். மொத்தமும் கரைந்துவிட்டது. வானத்து நீலம் ஓடி மசூதிக் குவிமாடத்தில் இறங்கி, மரத்துப் பச்சையோடு கலந்து, அடியில் சேறு மாதிரி தேங்கியிருந்தது. ஒன்றை மட்டும் வெயிலில் காயவைத்தேன். வேடிக்கை என்னவென்றால், தூரத்தில் பார்த்தால் அது இன்னும் சீதாராம் மாதிரியே இருந்தது.

அதில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊர்களில் அதுவரை மினியேச்சர் என்ற நுண்ணோவியம் போட்டவர்கள் எல்லாம் கெட்டிக் கலர்க்காரர்கள். வெள்ளை வேண்டுமென்றால் வெள்ளைப் பொடியைக் குழைத்து மேலே வைப்பார்கள். முடிந்ததும் தாளைத் திருப்பிப்போட்டு வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். இங்கிலீஷ் வாட்டர் கலரில் வெள்ளை கிடையாது. வெளிச்சம் எங்கே விழ வேண்டுமோ அங்கே தாளைச் சும்மா விட்டுவிட வேண்டும். தப்பாக வைத்தால் திருத்த முடியாது. முதல் முறையில் பழகிய கைக்கு இரண்டாவது முறை எவ்வளவு பயம் தரும் என்று நாற்பது பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்குத்தான் தெரியும். போஸ்டர் கலரில் ராஜாவாக இருப்பான். வாட்டர் கலர் கொடுத்தால் தாள் கிழியும் வரை தேய்ப்பான். சீதாராம் அதைத் தாண்டியவர். அவருடைய மரங்களில் இலை இல்லை, ஈரமான பொட்டுகள்தான். தூரத்துக் கோபுரம் ஒரே வாஷில், அதாவது நீர்த்த வண்ணத்தின் ஒரே பூச்சில், நிற்கும்.

என் தாஜ்? வானம் காய்வதற்குள் குவிமாடத்தில் பிரஷை வைத்துவிட்டேன். வலது பக்கம் நீலம் ஏறி, வீங்கின கன்னம் மாதிரி ஆகிவிட்டது. இருட்டுகிற நேரத்தில் காவலாளி விசில் ஊதினார். எட்டிப் பார்த்துவிட்டு, "அச்சா ஹை" என்றார். பாவம், நல்ல மனசு.

சனி, தாஜ், ஆக்ரா கோட்டை

விடியும் முன்பே வரிசையில் நின்றோம். பெயின்ட் பெட்டியை அறையிலேயே வைத்துவிட்டேன். செக்யூரிட்டியில் விளக்கம் சொல்லும் தெம்பு இல்லை.

தாஜைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. வாசலைத் தாண்டியதும் நீர்வாய்க்காலும் கத்தரித்த புல்லுமாகக் குவிமாடம் வரை தடையில்லாமல் தெரிகிறதே, போஸ்ட் கார்டில் பார்க்கும் அந்தக் காட்சி, அதுவும் கர்சன் காலத்தில் ஒழுங்குபடுத்தியது. அதற்கு முந்தைய படங்களில் தோட்டம் அடர்ந்து கிடக்கும். மரங்களுக்கு மேலே தாஜ் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும். நடந்து கிட்டே போகப் போகத்தான் முழுசாகத் தெரிந்திருக்கும். அந்தத் தாஜைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இப்படிச் சொல்கிறேனே தவிர, பனி விலகி முதல் வெயில் விழுந்தபோது நானும் எல்லாரையும் போல வாயைத் திறந்துகொண்டுதான் நின்றேன். கார்த்தி அதைப் போட்டோ எடுத்துவிட்டான்.

காலைச் சாப்பாடு பேடை என்கிற பூரி, உருளைக்கிழங்குக் குழம்பு, ஜிலேபி. இனிப்பும் காரமும் ஒரே தட்டில். சளி ஓடிவிட்டது.

அப்புறம் கோட்டை. இந்தப் பயணத்தில் நான் மெனக்கெட்டு வந்தது இதற்காகத்தான். கோட்டையின் பெரும்பகுதி இன்னும் ராணுவத்திடம் இருக்கிறது. விடுகிற மிச்சமே கால் வலிக்கப் போதும். சீதாராம் 1815இல் இங்கே வரைந்த படங்களில் ஒன்று, ஷா புர்ஜ் என்ற ஆற்றோர மாடத்தின் அடியில் கிடக்கும் ஒரு பிரம்மாண்டமான பீரங்கி. ஆக்ராவின் பெரிய பீரங்கி என்று ஊரெல்லாம் பெயர் பெற்றது. அந்தப் படம் கரைந்தவற்றில் ஒன்று. போனில் இருந்தது, அதை வைத்துக்கொண்டு தேடினேன். படம் போட்ட பதினெட்டாவது வருடம், 1833இல், பீரங்கியை வெடிவைத்து உடைத்து உலோகமாக விற்றுவிட்டார்கள்.

இன்னொன்று, கோட்டைக்குள் இருந்த சலவைக்கல் குளியல் மண்டபம். இந்தியக் கட்டடங்களைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன் இதைச் சொல்லியிருக்கிறார்: அரண்மனையின் மிக அழகான குளியல் மண்டபங்களில் ஒன்றைப் பெயர்த்து, இங்கிலாந்தில் இளவரசராக இருந்த நான்காம் ஜார்ஜுக்கு அனுப்பினார் ஒரு கவர்னர் ஜெனரல். மிஞ்சிய சலவைக்கல்லைப் பின்னால் வந்த பென்டிங்க் பிரபு ஏலம் விட்டார். பெயர்த்து அனுப்பியவர் யார் தெரியுமா? ஹேஸ்டிங்ஸ் பிரபு. 220 படகுகளோடு வந்தவர். சீதாராமை அழைத்துவந்து, இந்தக் கோட்டையைப் பத்திரமாக வரைந்து வைக்கச் சொன்னவர்.

ஊரிலேயே இதைப் படித்துவிட்டேன். ஆனால் படிப்பது வேறு. காஸ் மஹால் என்ற சலவைக்கல் மாளிகையின் பக்கத்தில் நின்று, ஒரு கையால் அந்த வழவழப்பான வெள்ளைக் கல்லைத் தொட்டுக்கொண்டு மறு கையில் சீதாராம் படத்தை வைத்துப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மொய்ராவுக்கு ரசனை இல்லாமல் இல்லை. ரசனை இருந்ததால்தானே எது நல்ல கல் என்று தெரிந்தது! சீதாராமுக்குத் தெரிந்திருக்குமா? ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து, ஈரத் தாளில் வானத்தை ஓடவிட்டுக்கொண்டிருந்தவர், தன் எஜமானரின் கண்ணும் இதே சுவரில் பதிந்திருக்கிறது என்று எப்போது தெரிந்துகொண்டார்? ஹேஸ்டிங்ஸ் 1823இல் கப்பல் ஏறிவிட்டார். சீதாராம் கையால் போட்டது என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் அவர் இங்கே இருந்த காலத்தோடு நின்றுபோகிறது.

ஷா புர்ஜ் மாடத்துக்குள் இப்போது விடுவதில்லை. பக்கத்துச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தோம். வலது பக்கம் தூரத்தில் தாஜ், புகைமூட்டத்தில் ஒரே வாஷில் போட்டது மாதிரி. சீதாராம் போட்டால் இப்படித்தான் போட்டிருப்பார். நேர் கீழே அகழி, அதைத் தாண்டி ரோடு, ரோட்டைத் தாண்டி மெலிந்துபோன யமுனை.

"பீரங்கி எங்க இருந்துச்சு மாமா?"

போனில் படத்தைப் பெரிதாக்கினேன். மாடத்தின் கோணத்தையும் மதிலின் வளைவையும் வைத்து, கண்ணை இடுக்கி, கட்டை விரலை நீட்டி அளந்தேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பழைய முறை. ஏறக்குறைய ரோடு போகும் இடத்தில்தான் வந்தது. அங்கே ஒருத்தர் தள்ளுவண்டியில் பேரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு போலீஸ்காரர் வந்து நகரச் சொல்ல, வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தி, துணியால் ஒவ்வொரு காயாகத் துடைத்து மறுபடி அடுக்கத் தொடங்கினார்.